'பதிவு இல்லை' என்று சொன்ன கம்ப்யூட்டர்

நவம்பர் மாதம் பிறந்தால் என்னைப் போன்றவர்களுக்கு ஒரு கடமை உண்டு. நான் இன்னும் உயிரோடுதான் இருக்கிறேன் என்று பாங்கில் போய்ச் சொல்லிவிட்டு வரவேண்டும். போன நவம்பரில் போனபோது பி.பி.ஓ. எண் எழுதிய சீட்டை வீட்டிலேயே மறந்துவிட்டேன். கவுண்டரில் இருந்த பெண், "பரவாயில்லை சார், பேரைச் சொல்லுங்க" என்றாள். சொன்னேன். நடுவிலிருந்து நாலு எழுத்தைத்தான் தட்டினாள். நான் கண்ணாடியைத் துடைத்துப் போடுவதற்குள் திரையில் என் பெயர், என் மனைவி பெயர், பிறந்த தேதி எல்லாம் வந்து நின்றன.

அந்தப் பெண்ணுக்கு அது சாதாரணம். எனக்கு அப்படி இல்லை. அந்த 'நடுவில் நாலு எழுத்து' என்ற விஷயம் முப்பது வருஷத்துக்கு முன்னால் என்னை எத்தனை நாள் தூங்கவிடாமல் செய்தது என்று அவளுக்குத் தெரியாது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதே நினைப்பு. அதை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். கொஞ்சம் கம்ப்யூட்டர் சரித்திரமும் கலந்து வரும். பயப்பட வேண்டாம், டெலிபோன் டைரக்டரி புரட்டத் தெரிந்தவர்கள் எல்லோருக்கும் இது புரியும்.

1994, கவுண்டர் நேரம்

நான் அப்போது ஒரு பெரிய அலுவலகத்தின் பென்ஷன் பிரிவில் கம்ப்யூட்டர் பகுதியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எந்த அலுவலகம் என்பது முக்கியமில்லை. சுமார் 2 லட்சம் பென்ஷன்தாரர்களின் பதிவுகள் லெட்ஜரிலிருந்து கம்ப்யூட்டருக்கு ஏறியிருந்தன. ஒரு யூனிக்ஸ் மெஷின், 16 எம்.பி. மெமரி, பன்னிரண்டு டெர்மினல்கள். இன்று உங்கள் சட்டைப்பையில் இருக்கும் போனுக்கு அதைப்போல நூறு மடங்குக்கும் மேலே மெமரி இருக்கும். அன்று அந்த மெஷினுக்கு ஏ.சி. ரூம் உண்டு, எங்களுக்குக் கிடையாது.

பி.பி.ஓ. எண்ணைக் கொடுத்தால் பதிவு கண்ணிமைக்கும் நேரத்தில் வரும். பெயரின் ஆரம்பத்தைக் கொடுத்தாலும் வரும். தகராறு எங்கே என்றால், பெயரின் நடுவிலோ முடிவிலோ உள்ள எழுத்துகளை மட்டும் கொடுத்துத் தேடுவதில்தான். அப்படித் தேட, தெரியாத இடத்தில் ஒரு % குறி போடவேண்டும். 'எதுவாகவும் இருக்கலாம்' என்று அதற்குப் பொருள். கட்டளைக்கு 'லைக்' என்று பெயர். 'வேலு%' என்றால் வேலுவில் ஆரம்பிக்கும் பெயர்கள். '%வேலு' என்றால் வேலுவில் முடிபவை. '%வேலு%' என்றால் எங்கே இருந்தாலும் சரி.

நம் ஊர்ப் பெயர்களுக்கு அந்த முன் % இல்லாமல் முடியாது. இனிஷியல் முன்னால் வரும். ஒருவர் புள்ளி வைத்து எழுதுவார், இன்னொருவர் இடைவெளி விட்டு எழுதுவார். ஊர்ப் பெயரும் அப்பா பெயரும் சேர்த்து முழுசாக எழுதுகிறவர்களும் உண்டு. லெட்ஜரில் எப்படி இருந்ததோ அப்படியே டைப் அடித்து ஏற்றியிருந்தோம். ஆகவே கவுண்டரில் இருப்பவர்கள் வேறு வழியில்லாமல் முன்னால் ஒரு % போட்டுத் தேடுவார்கள். உடனே பன்னிரண்டு டெர்மினலும் உறைந்துபோகும். பத்து, பன்னிரண்டு நிமிஷம் யாருக்கும் எதுவும் நகராது. வெளியே வரிசை, உள்ளே கூச்சல்.

சூப்பரின்டெண்டென்ட் என்னைக் கூப்பிட்டு, "இதுக்கு ஒரு வழி பண்ணுங்க" என்றார். நான் பண்ணிய வழி இதுதான்: முதல் மூன்று எழுத்து இல்லாமல் தேட முடியாதபடி புரோகிராமை மாற்றினேன். முன்னால் % போட்டால் கம்ப்யூட்டர் உள்ளே போய்ப் பார்க்கவே பார்க்காது. நேராக 'பதிவு இல்லை' என்று ஒரு வரி காட்டும். தனியாக ஒரு செய்தி எழுதச் சோம்பல், ஏற்கெனவே இருந்த வரியையே போட்டுவிட்டேன். டெர்மினல்கள் பறந்தன. சூப்பரின்டெண்டென்ட் என் முதுகில் தட்டிக்கொடுத்தார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

ஏன் பன்னிரண்டு நிமிஷம்?

டெலிபோன் டைரக்டரியை நினைத்துப்பாருங்கள். கிருஷ்ணன் என்ற பெயரைக் கேட்டால் 'கே' பக்கத்தைத் திறந்து, கொஞ்சம் முன்னே பின்னே தள்ளி, அரை நிமிஷத்தில் கண்டுபிடித்துவிடுவீர்கள். 'கிருஷ்ணன் என்று முடியும் பெயர்கள் எல்லாம் வேண்டும், ராதாகிருஷ்ணன், கோபாலகிருஷ்ணன், முத்துக்கிருஷ்ணன் எதையும் விடாமல்' என்று கேட்டால்? முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை ஒவ்வொரு வரியாகப் படிப்பதைத் தவிர வழியில்லை. டைரக்டரி அகர வரிசையில் இருப்பதே முதல் எழுத்து தெரிந்தவனுக்காகத்தான். முதல் எழுத்து தெரியாதவனுக்கு அது வெறும் காகிதக் கட்டு.

கம்ப்யூட்டரின் இன்டெக்ஸும் அதே கதைதான். கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். 2 லட்சம் பதிவு, ஒவ்வொன்றும் 500 எழுத்து என்றால் மொத்தம் 10 கோடி எழுத்து. டிஸ்கிலிருந்து ஒரு தடவைக்கு 2,000 எழுத்து அளவுள்ள ஒரு கட்டமாகத்தான் எங்கள் மெஷின் படிக்கும். ஆக 50,000 கட்டங்கள். பன்னிரண்டு பேர் பன்னிரண்டு பக்கம் இழுக்கும்போது டிஸ்கின் தலை ஒவ்வொரு கட்டத்துக்கும் ஓடிப்போய் நிற்க 15 மில்லி செகண்டு ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 750 செகண்டு. பன்னிரண்டரை நிமிஷம். இன்டெக்ஸ் வழியாகப் போனால் நாலு கட்டம் படித்தால் போதும். ஒரு செகண்டில் பத்தில் ஒரு பங்கு கூட ஆகாது.

இந்த இன்டெக்ஸுக்கும் ஒரு சரித்திரம் உண்டு. துளை அட்டை, காந்த நாடா காலத்தில் நடுவில் உள்ள ஒரு பதிவை மட்டும் எடுக்க முடியாது. நாடாவை முதலிலிருந்து ஓட்டவேண்டும். 1956-ல் ஐ.பி.எம். நிறுவனம் ராமாக் என்ற இயந்திரத்தைக் கொண்டுவந்தது. இரண்டு அடி விட்டமுள்ள 50 தட்டுகள் அடுக்கிய டிஸ்க். கொள்ளளவு 50 லட்சம் எழுத்துகள். எந்தப் பதிவுக்கும் நேராகப் போகலாம் என்ற நிலை அப்போதுதான் வந்தது. அந்தப் பதிவு எங்கே இருக்கிறது என்று சொல்ல ஒரு பட்டியல் வேண்டுமே? அதுதான் இன்டெக்ஸ்.

1970-ல் போயிங் விமானக் கம்பெனியின் ஆராய்ச்சிக்கூடத்தில் இருந்த ருடால்ஃப் பேயர், எட்வர்ட் மெக்ரைட் என்ற இருவர் 'பி-ட்ரீ' என்ற அமைப்பை வெளியிட்டார்கள். பதிவுகள் சேரச் சேர, நீங்க நீங்க, பட்டியல் தானாகவே தன்னைச் சமன்செய்துகொள்ளும் ஏற்பாடு. ஒரு லட்சம் பதிவுகள் இருந்தாலும் அன்றைய ஐ.பி.எம். 360 மெஷினில் செகண்டுக்கு நாலு வேலையாவது முடிக்கலாம் என்று கணக்குக் காட்டினார்கள். 'பி' என்றால் என்ன? போயிங்கா, பேயரா, பேலன்ஸா? கடைசி வரை அவர்கள் சொல்லவில்லை. இன்றைக்கும் உங்கள் பாங்கு, ரயில்வே ரிசர்வேஷன் எல்லாவற்றுக்கும் அடியில் ஏதோ ஒரு வடிவத்தில் அந்த மரம்தான் இருக்கிறது.

1974-ல் ஐ.பி.எம். ஆராய்ச்சியாளர்கள் சேம்பர்லினும் பாய்ஸும் 'சீக்வெல்' என்ற கேள்வி மொழியைக் கொண்டுவந்தார்கள். பிறகு அது எஸ்.கியூ.எல். ஆயிற்று. 1986-ல் அமெரிக்காவில் அதற்கு அதிகாரபூர்வமான தர நிர்ணயம் வந்தது. எங்கள் % குறியும் 'லைக்' கட்டளையும் அந்த மொழியைச் சேர்ந்தவைதான். கேள்வி கேட்பது சுலபமாகிவிட்டது. ஒரே ஒரு % குறி, மெஷினை 50,000 தடவை ஓடவைக்கும் என்பது மட்டும் கேட்பவன் கண்ணுக்குத் தெரியாமல் போய்விட்டது.

கணவர் பெயரைச் சொல்லாத அம்மா

நான் புரோகிராமை மாற்றி மூன்று நாலு மாதம் இருக்கும். ஆண்டிபட்டிப் பக்கத்திலிருந்து ஒரு வயதான அம்மா வந்திருந்தார். கணவர் இறந்துவிட்டார். குடும்ப பென்ஷன் வாங்கவேண்டும். மழையில் கூரை ஒழுகிப் பென்ஷன் புத்தகம் கூழாகிவிட்டது. எண் தெரியாது. பெயர் கேட்டால் அந்த அம்மா வாய் திறக்கவில்லை. அந்தக் காலத்துப் பெண்கள் புருஷன் பெயரைச் சொல்வார்களா? கூட வந்த பையனும் பக்கத்து வீட்டுக்காரன். "வேலு தாத்தா" என்பதைத் தாண்டி அவனுக்கும் தெரியாது. கவுண்டரில் இருந்தவர் திரும்பத் திரும்பக் கேட்டதும் அந்த அம்மா, "முருகன் கையில வச்சிருக்காருல்ல, அதாங்கய்யா" என்றார்.

முழுப் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. வேலு என்று முடியும் பெயர் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

கவுண்டர்க்காரர் 'வேலு' என்று தட்டிப் பார்த்தார். அந்த ஆள் இல்லை. முன்னால் % போட்டுப் பார்த்தார். 'பதிவு இல்லை' என்றது கம்ப்யூட்டர். "கம்ப்யூட்டர்லயே இல்லம்மா, சம்பந்தப்பட்ட ஆபீஸ்ல போய்ப் பாருங்க" என்று அனுப்பிவிட்டார். அந்த அம்மா அங்கே போய், அவர்கள் திருப்பி அனுப்பி, மறுபடி வந்து, மூன்றாம் தடவை வந்தபோதுதான் நான் தற்செயலாக அந்தப் பக்கம் போனேன். அவர் என்னைப் பார்த்து, "தம்பி, அவரு இருந்ததே இல்லைன்னு அந்தப் பெட்டி சொல்லுதாம்ல" என்று கேட்டார்.

அதில் கோபம் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். முப்பது வருஷம் சர்க்கார் வேலை பார்த்த மனுஷன், கூட வாழ்ந்த மனுஷன், இருந்ததே இல்லை என்று ஒரு மெஷின் சொல்லிவிட்டதே என்ற திகைப்பு.

எனக்குச் சுருக்கென்றது. ஏனென்றால் பெட்டி அப்படிச் சொல்லவில்லை. நான்தான் அப்படிச் சொல்லவைத்திருந்தேன். அது தேடிப் பார்த்துவிட்டு இல்லை என்று சொல்லவில்லை. தேடாமலே இல்லை என்றது. 'தேடவில்லை' என்பதும் 'இல்லை' என்பதும் ஒன்றா? எனக்கும் சூப்பரின்டெண்டென்டுக்கும் ஒன்றாக இருந்தது. அந்த அம்மாவுக்கு அது ஆறு மாசத்துச் சாப்பாடு.

அன்று சாயங்காலம் கவுண்டர் மூடியதும் தடையை நீக்கிவிட்டு நானே '%வேலு%' என்று தேடினேன். காத்திருந்த அந்தப் பன்னிரண்டு நிமிஷம் நன்றாக நினைவிருக்கிறது. பட்டியலில் அந்த மனிதர் இருந்தார். ஊர்ப் பெயர், அப்பா பெயர் எல்லாம் முன்னால் சேர்த்து முழுசாக எழுதியிருந்தார்கள். அவர் பெயர் கடைசியில் இருந்தது. மனைவி பெயரும் ஊரும் சரியாக இருந்தன.

ரிக்கார்டு ரூம் அண்ணன் சொன்னது

ஒரு பதிவைக் கண்டுபிடித்தாயிற்று. மற்றவர்கள்? கவுண்டரில் 'இல்லை' என்று திருப்பி அனுப்பியவர்களின் துண்டுச் சீட்டுகள் ஒரு ஆணியில் குத்தி வைக்கப்பட்டிருந்தன. நூற்றுச் சொச்சம் இருக்கும். தடையை நீக்கினால் டெர்மினல் நிற்கும். வைத்திருந்தால் ஆட்கள் காணாமல்போவார்கள். புது மெஷின் கேட்டால் மேலே சிரிப்பார்கள்.

எங்கள் ரிக்கார்டு ரூமில் ஓய்வுபெறும் வயதில் ஒரு அண்ணன் இருந்தார். கம்ப்யூட்டர் பக்கமே வரமாட்டார். டீ குடிக்கும்போது என் கஷ்டத்தை அவரிடம் சொன்னேன். அவர் நிதானமாகக் கேட்டார்: "தம்பி, ரெண்டு லட்சம் ஆளு இருக்காங்க, சரி. ரெண்டு லட்சம் பேரா இருக்கு?"

எனக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. அவரே சொன்னார்: "சுப்பிரமணியன் எத்தனை பேரு? முருகேசன் எத்தனை பேரு? நான் லெட்ஜரையா புரட்டுறேன்? பேரு நோட்டைப் பார்ப்பேன். அதுல ஒரு பேரு ஒரு தடவைதான் எழுதியிருக்கும். பக்கத்துல லெட்ஜர் நம்பர்." மேஜைக்கு அடியிலிருந்து நீளமான ஒரு நோட்டை எடுத்துக் காட்டினார்.

அவ்வளவுதான் விஷயம். இனிஷியலையும் புள்ளியையும் நீக்கி, பெயர்களைத் தனித்தனிச் சொல்லாகப் பிரித்து, ஒரே பெயரை ஒரு தடவை மட்டும் எழுதி ஒரு தனி அட்டவணை போட்டேன். 2 லட்சம் ஆட்களுக்கு 20,000 பெயர்கூட வரவில்லை. ஒரு பெயருக்கு 20 எழுத்து இடம் என்றால் 4 லட்சம் எழுத்து, 200 கட்டங்கள். அதை முழுசாகப் படித்தாலும் மூன்று செகண்டு. இரண்டாம் தடவை கேட்டால் அதுவும் ஆகாது, ஏனென்றால் அவ்வளவு சின்ன அட்டவணை மெமரியிலேயே தங்கிவிடும். '%வேலு%' என்ற தேடல் அந்தச் சின்ன அட்டவணையில் மட்டும் நடக்கும். அங்கே கிடைக்கும் பெயர்களை வைத்துக்கொண்டு, வழக்கமான இன்டெக்ஸ் வழியாகப் பெரிய அட்டவணைக்குப் போகலாம். பெரிய கிணற்றைத் தூர் வாராமல், பாதாளக் கரண்டியை எந்த மூலையில் போடவேண்டும் என்று முதலில் தெரிந்துகொள்வது மாதிரி.

இன்னொரு வேலையும் செய்தேன். ஒவ்வொரு பெயரையும் திருப்பி எழுதி அதற்கு ஒரு இன்டெக்ஸ் போட்டேன். கதிர்வேலு என்பது 'லுவேர்திக' ஆகும். வேலு என்று முடியும் பெயர் வேண்டுமென்றால் 'லுவே' என்று ஆரம்பிப்பதைத் தேடினால் போதும். கரையான் அரித்து முன்பக்கம் போன லெட்ஜர் பெயர்களுக்கு இது மிகவும் உதவியது. ஆனால் எல்லாவற்றுக்கும் உதவாது. 'அம்மாள்' என்று முடியும் பெயரைத் தேடினால் பெண்களில் பெரும்பகுதி வந்து நிற்பார்கள். இன்டெக்ஸ் இருந்தும் பயனில்லை. எதைக் கேட்கிறோம் என்பதில் கொஞ்சமாவது தனித்தன்மை இருக்கவேண்டும்.

புது ஏற்பாடு ஓட ஆரம்பித்த வாரமே ஆணியில் இருந்த சீட்டுகளை எடுத்து ஒவ்வொன்றாகத் தேடினோம். பாதிக்கு மேல் கிடைத்தன. எல்லோருக்கும் கார்டு போட்டோம். அந்த அம்மா வந்து நிலுவையோடு வாங்கிக்கொண்டு போனார். சில கார்டுகள் 'பெறுபவர் காலமானார்' என்று திரும்பி வந்தன. அவற்றை நான் ரொம்ப நாள் மேஜை டிராயரில் வைத்திருந்தேன்.

எழுத்து மாறினால்?

கிடைக்காத சீட்டுகளில் பலவற்றுக்கு வேறொரு காரணம். பதிவுகள் ஆங்கிலத்தில் இருந்தன. கந்தசாமி என்பதை ஒருவர் 'கே' போட்டு எழுதுவார், இன்னொருவர் 'ஜி' போடுவார். தாமோதரனுக்கு 'டி'யில் இரண்டு வகை. ஏழுமலையின் 'ழ'வுக்கு ஒருவர் 'இசட்' போடுவார், ஒருவர் 'எல்' போடுவார்.

இந்தத் தலைவலி நமக்கு மட்டும் இல்லை. அமெரிக்காவில் ராபர்ட் ரஸ்ஸல் என்பவர் 1918-லேயே இதற்கு ஒரு வழி கண்டுபிடித்துக் காப்புரிமை வாங்கியிருந்தார். பிறகு 'சவுண்டெக்ஸ்' என்று பெயர் பெற்றது. பெயரின் முதல் எழுத்தை அப்படியே வைத்துக்கொண்டு, மீதியில் உயிரெழுத்துகளைத் தள்ளிவிட்டு, ஒரே மாதிரி ஒலிக்கும் மெய்யெழுத்துகளுக்கு ஒரே எண் கொடுப்பது. 1935-ல் அங்கே சமூகப் பாதுகாப்புச் சட்டம் வந்து முதியவர்களுக்குப் பென்ஷன் ஏற்பாடானது. வயசுக்கு ஆதாரம் வேண்டுமே? பலருக்குப் பிறப்புச் சான்றிதழ் கிடையாது. பழைய மக்கள்தொகைக் கணக்கில் பெயர் இருந்தால் ஆதாரம். அதனால் வேலையில்லாதவர்களுக்கு அரசாங்கம் வேலை கொடுத்து, பழைய கணக்கெடுப்புத் தாள்களிலிருந்து சவுண்டெக்ஸ் முறையில் லட்சக்கணக்கான அட்டைகள் எழுதவைத்தது. 1880-ம் வருஷக் கணக்கில் பத்து வயதும் அதற்குக் கீழும் குழந்தைகள் இருந்த வீடுகளுக்கு மட்டும் அட்டை போட்டார்கள். 1930-களில் பென்ஷன் வயதை நெருங்குகிறவர்கள் அந்தக் குழந்தைகள்தானே! பென்ஷனுக்காகத் தேடல் முறை என்பது என் கஷ்டம் மட்டும் இல்லை என்று இதைப் படித்தபோது ஒரு ஆறுதல்.

ஆனால் சவுண்டெக்ஸ் நம் பெயர்களுக்குப் பாதிதான் பொருந்தும். லக்ஷ்மியை 'கே-எஸ்' போட்டு எழுதினாலும் 'எக்ஸ்' போட்டு எழுதினாலும் எல் 250 என்ற ஒரே எண் வரும். லெச்சுமி என்று எழுதினால் எல் 325 ஆகிவிடும். முதல் எழுத்தை மாற்றாமல் வைப்பதால் கந்தசாமி இரண்டும் சேரவே சேராது. நாங்கள் எங்களுக்கென்று ஒரு பட்டியல் போட்டுக்கொண்டோம்: 'கே'யும் 'ஜி'யும் ஒன்று, 'டி' இரண்டும் ஒன்று, 'பி' இரண்டும் ஒன்று, 'ழ'வும் 'ல'வும் 'ள'வும் ஒன்று. தமிழில் ஒரே எழுத்தாக இருப்பதை ஆங்கிலத்தில் இரண்டாக்கியதை மறுபடி ஒன்றாக்கினோம், அவ்வளவே. 20,000 பெயர்தானே, ஒரே ராத்திரியில் வேலை முடிந்தது.

நமக்கு முன்னால் போனவர்கள்

ரிட்டையர் ஆனபிறகு நிறையப் படிக்க நேரம் கிடைத்தது. அப்போதுதான், முதல் எழுத்து தெரியாதவனுக்கு என்ன வழி என்ற கேள்வியை நம் புலவர்கள் எப்போதோ கேட்டுவிட்டார்கள் என்று தெரிந்தது.

16-ம் நூற்றாண்டில் மண்டல புருடர் இயற்றிய சூடாமணி நிகண்டில் 11-ம் தொகுதி, பல பொருள் தரும் சொற்களைச் சொல்வது. அதில் சொற்கள் முதல் எழுத்து வரிசையில் இல்லை; எதுகைப்படி, அதாவது இரண்டாம் எழுத்துப்படி இருக்கின்றன. பாட்டாக மனப்பாடம் செய்ய அது வசதி. 1594-ல் சிதம்பரம் ரேவண சித்தர் செய்த அகராதி நிகண்டில் முதல் எழுத்து வரிசை வந்தது. 'அகராதி' என்ற சொல்லே அப்படி வந்ததுதான். 1732-ல் வீரமாமுனிவர் சதுரகராதி செய்தபோது இரண்டையும் விடவில்லை. பெயர், பொருள், தொகை, தொடை என்று நாலு பகுதி. நாலாவதான தொடையகராதி எதுகை நோக்கில் அமைந்தது. ஒரே சொற்களஞ்சியத்துக்கு நாலு வாசல். எந்த விவரத்தோடு வருகிறாயோ அந்த வாசலால் உள்ளே வா என்று அர்த்தம். செய்யுள் எழுதுகிறவனுக்கு முதல் எழுத்து எதுவானாலும் சரி, இரண்டாம் எழுத்து பொருந்தவேண்டும். அது % குறி போட்ட தேடல் இல்லாமல் வேறென்ன? இன்னொரு இன்டெக்ஸ் போடுவது என்று நாங்கள் 1994-ல் பெருமைப்பட்டுக்கொண்டதை ஒரு பாதிரியார் 260 வருஷத்துக்கு முன்னால் ஓலையும் எழுத்தாணியுமாகச் செய்து வைத்துவிட்டார்.

ஐ.பி.எம்.மில் ஹான்ஸ் பீட்டர் லூன் என்பவர் 1950-களின் கடைசியில் இதையே வேறு விதமாகச் செய்தார். ஒரு கட்டுரைத் தலைப்பில் உள்ள ஒவ்வொரு முக்கியச் சொல்லும் முறைவைத்து நடுவில் வரும்படி தலைப்பை நகர்த்தி, அகர வரிசையில் அச்சடிப்பது. நடுவில் உள்ள சொல் மட்டும் நினைவிருந்தால்கூடக் கட்டுரையைப் பிடித்துவிடலாம். ரசாயனக் கட்டுரைகளின் தலைப்புகள் இந்த முறையில் அச்சாகி ஆராய்ச்சியாளர்கள் மேஜைக்குப் போயின.

இப்போது பழக்கத்தில் இருப்பது மூன்றெழுத்து முறை. ராமலிங்கம் என்ற பெயரை 'ராமலி, மலிங், லிங்க, ங்கம்' என்று மூன்று மூன்று எழுத்தாக நறுக்கி, ஒவ்வொரு துண்டும் எந்தெந்தப் பெயரில் வருகிறது என்று பட்டியல் வைப்பது. 'லிங்கம்' என்று தேடினால் 'லிங்க', 'ங்கம்' இரண்டு பட்டியலிலும் இருக்கும் பெயர்களை மட்டும் எடுத்துச் சரிபார்த்தால் போதும். போஸ்ட்கிரெஸ் என்ற இலவச டேட்டாபேஸில் 2011 முதல் 'லைக்' தேடலுக்கு இந்த இன்டெக்ஸ் உதவுகிறது. பாங்கில் அந்தப் பெண்ணின் திரைக்குப் பின்னால் இதுதான் இருந்ததா, வேறு ஏதாவதா, நான் கேட்கவில்லை. பின்னால் வரிசை நின்றது.

போகும் முன் ஒரு வார்த்தை

மெஷின்கள் வேகமாகிவிட்டன. ஆனால் "சிஸ்டத்துல இல்லை சார்" என்ற பதில் மட்டும் மாறவில்லை. அடுத்த முறை யாராவது உங்களிடம் அப்படிச் சொன்னால் கோபப்படாதீர்கள். எப்படித் தேடினார்கள் என்று கேளுங்கள். இனிஷியல் இல்லாமல் பாருங்கள், அப்பா பெயரில் பாருங்கள், வேறு எழுத்துப் போட்டுப் பாருங்கள் என்று பொறுமையாகச் சொல்லுங்கள். இல்லாதவர்களைவிட, சரியாகத் தேடப்படாதவர்கள்தான் அதிகம்.

இன்னொன்று. உங்கள் பி.பி.ஓ. எண்ணையும், பதிவில் உங்கள் பெயர் எந்த எழுத்தில் இருக்கிறதோ அதே எழுத்தில் பெயரையும் ஒரு தாளில் எழுதுங்கள். அரிசி டப்பாவோ பூஜை அலமாரியோ, மழை நனையாத இடத்தில் வைத்து, எங்கே என்று உங்கள் மனைவியிடமோ கணவரிடமோ இன்றைக்கே சொல்லிவிடுங்கள். நான் சொல்லிவிட்டேன். "முப்பது வருஷமா இதைத்தான் சொல்லிட்டு இருக்கீங்க" என்றாள். சொன்னால் என்ன, குறைந்தா போகும்?